ஆட்சேபணை மனு

மார்ச் 4, திங்கள்

பெயர் மாற்ற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். பதிவு அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் வரிசை. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘திருமணம்’ என்று எழுதினேன். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இனி என் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருக்காது. என் கணவர் பெயர் இருக்கும். முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பார்களாம், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் முடிந்தது.

வெளியே வந்ததும் பரீட்சை முடிந்த மாதிரி இருந்தது. அப்படி இருந்ததுதான் உறுத்துகிறது.

மார்ச் 6

இவர் மறுபடி கேட்டார். “யாரும் உன்னைக் கேக்கலையே. அப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?”

“எல்லாரும் செய்யறதுதானே” என்றேன்.

இங்கேயாவது உண்மையை எழுதலாம். எங்கள் குடிநீர் அலுவலகத்தில் இருப்பதிலேயே தடித்த கோப்பு அப்பாவுடையது. குழாயில் கலங்கல், தோண்டிய பள்ளத்தை மூடவில்லை, ரசீதில் எழுத்துப்பிழை — எல்லாவற்றுக்கும் ஒரு மனு, மேலிடத்துக்கு ஒரு நகல். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘மனுநீதி’. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் முழுப்பெயரைப் படித்த சூப்பிரண்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அட, மனுநீதி பொண்ணா! இனிமே தபால்காரருக்கு நிம்மதி. மனுவை உங்ககிட்டயே குடுத்தனுப்பிடுவாரு.”

ஐந்து வருடமாக அதே சிரிப்பு. ஏழாம் வகுப்பிலும் இதே கதைதான். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அப்பா எழுதிப் போட்டார். தாழ்ப்பாள் வந்தது. எனக்கும் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர் வந்தது.

மார்ச் 10, ஞாயிறு

அப்பாவைப் பார்க்கப் போனேன். அம்மா போனபின் அந்த வீட்டில் அவரும் தட்டச்சு இயந்திரமும்தான். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது உன் இஷ்டமா, அவங்க இஷ்டமா?”

“அத்தைதான்ப்பா... அவங்க வீட்டுல அப்படித்தானாம்.”

மாமியார் தலையில் பழி போடும் பொய் இவ்வளவு சுலபமாக வருமா? யோசிக்கக்கூட இல்லை.

“பொண்ணைக் குடுத்தா பேரையும் சேர்த்து எழுதி வாங்கணுமா?” என்றார். பிறகு ரொம்ப மென்மையாக, “சரிம்மா. நீ கவலைப்படாதே” என்றார். அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

மார்ச் 11

அத்தை என் அலுவலக உடுப்பையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தார். “நீ ஓடற ஓட்டத்துல இதுக்கு ஏது நேரம்?” என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 21

பதிவு அலுவலகத்திலிருந்து இரண்டு பதிவுத் தபால். எனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று.

அப்பா ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறார். வரிசை எண் போட்டு, ஒரு பிழை இல்லாமல். ‘என் மகளின் மாமியார் நிர்ப்பந்தித்ததன் பேரில்...’ ‘என் மகள் பயந்த சுபாவம் உள்ளவள், யாரையும் மறுத்துப் பேச அறியாதவள்...’ விசாரணை இருபத்தெட்டாம் தேதி, காலை பதினொன்று.

அத்தை இரண்டு தடவை படித்தார். “நான் எப்பம்மா உன்னைக் கட்டாயப்படுத்தினேன்?”

“அப்பா ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டார் அத்தை” என்றேன்.

இது இரண்டாவது பொய்.

மார்ச் 24, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இருவரையும் உட்கார வைத்து, எல்லாவற்றையும்.

அத்தை, “அப்பாகிட்ட நீ நல்ல பேர் வாங்கறதுக்கு என் பேரைக் கெடுத்தியா?” என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

இவர் ஒன்றுதான் கேட்டார். “அவரை நினைச்சு உனக்கு வெட்கமா?”

மார்ச் 28

எப்படி எழுதுவது இதை.

சின்ன அறை, நீள மேசை. அப்பா எங்களுக்கு முன்பே வந்து கோப்போடு உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லைங்க. நியாயம்னு ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான்.” அத்தை என்னைப் பார்த்தார். நானே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அதிகாரி கேட்டார், “யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா?”

நான் மேசைமேல் இருந்த அப்பாவின் கோப்பைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் குனிந்து, “பயப்படாம சொல்லும்மா. நான் இருக்கேன்” என்றார்.

நான் இருக்கேன். அதைக் கேட்டதும்தான் உடைந்தேன்.

“யாரும் சொல்லலப்பா. நானாத்தான் செஞ்சேன். உங்க பேரைச் சொன்னாலே ஆபீஸ்ல சிரிக்கிறாங்கப்பா.”

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. அப்பா தாள்களை ஒன்றொன்றாக அடுக்கினார், நாடாவைக் கட்டினார். அதிகாரியிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினார்: ‘என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.’ அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய மனு அதுதான். கீழே முழுப்பெயர். அத்தையிடம் கைகூப்பி, “விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிச்சிடுங்க” என்றார்.

கோப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து வெளியே போனார்.

முதல் பாதியோட நிறுத்தியிருக்கலாமே. ‘நானாத்தான்’னு சொன்னா போதாதா? அதுக்கு மேல ஏன் வாயைத் திறந்தேன்? பாவி.

ஏப்ரல் 8

ஆணை வந்தது. மேசைப் பலகையில் புதுப்பெயர் மாட்டினார்கள். சூப்பிரண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, “என்ன, மனுநீதிகிட்டேருந்து கொஞ்ச நாளா ஒண்ணும் காணோம்? உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

ஏப்ரல் 9

அப்பா தொலைபேசியை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

மே 5, ஞாயிறு

அத்தைதான் கிளப்பிவிட்டார். “நீயா போய் நிக்காம இது தீராது. தனியாப் போக பயமா இருந்தா நானும் வரேன்.” தனியாகவே போனேன்.

கதவைத் திறந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், “மாப்பிள்ளை நல்லா இருக்காரா?” என்றார். “மன்னிச்சிடுங்கப்பா” என்றேன். “வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடி” என்றார். தட்டச்சு இயந்திரத்தின்மேல் துணி போர்த்தியிருந்தது.

வாசலில் குழாய் உடைந்து தண்ணீர் தெரு முழுக்க ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரமாக இப்படித்தான் என்றார். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அப்பா சொன்னார்:

“யாராவது சொல்லுவாங்க.”

மே 6

குழாய்க்கு நானே மனு எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். அப்பா எழுதினால் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதி, சூப்பிரண்டு மேசையில் என் கையாலேயே வைத்தேன். படித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

அப்பாவுக்குக் கண் புரை அறுவை சிகிச்சை. ‘கூட ஒருத்தர் வரணுமாம்’ என்று நேற்று அவரே தொலைபேசியில் அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் படிவத்தைத் தானே நிரப்பி வைத்திருந்தார். பார்வை மங்கியதால் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகப் போயிருந்தன. ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் என் புதுப்பெயர். ஓரெழுத்து பிசகவில்லை. என் சம்பளச் சீட்டில்கூட இன்னும் தப்பாகத்தான் வருகிறது.

தாளை நான் ரொம்ப நேரம் வைத்திருந்தேன் போலிருக்கிறது.

“தப்பு இருந்தா சொல்லு, திருத்திக்கலாம்” என்றார்.

“தப்பு இல்லப்பா.”

உள்ளேயிருந்து நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எனக்கு உறைக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். அப்பா என் தோளைத் தொட்டார்.

“உன்னைத்தாம்மா கூப்பிடறாங்க.”