ஓர் எழுத்து, இரண்டு பெண்கள்

அக்டோபர் 3, வியாழன்

காலையில் அமிதா புத்தரின் பீடத்துக்குச் சோறு வைத்துக் கும்பிட்டேன். பத்து மணிக்குத் தோக்கியோ பதிப்பகத்திலிருந்து ஒரு பெட்டி. என் "தொலைந்த பொருள் அலமாரி" ஐந்து பாகமும் புது அச்சு. ஏப்ரலில் டிவியில் அனிமே படத்தொடராக வருகிறது என்று ஒவ்வொன்றின் இடுப்பிலும் மஞ்சள் பட்டை.

சந்தோஷப்படத்தான் உட்கார்ந்தேன். இரண்டாம் பாகம், பக்கம் 118. அலமாரியில் கிடைக்கும் கடிதத்தின் கீழே ஒற்றை எழுத்துக் கையொப்பம். அதன் பக்கத்தில் பொடியெழுத்தில் உச்சரிப்பு: "மெகுமி".

ஐயோ, யாரு போட்டது இதை?

அது ஒரு சீன எழுத்து; மெகுமி என்றும் வாசிக்கலாம், கெய் என்றும் வாசிக்கலாம். இரண்டு பெண்களின் பெயருக்கும் அதே எழுத்துதான். கதையில் துப்புத் துலக்கும் வகுப்புத் தலைவி மெகுமி. முதல் பாகத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியர் அப்படிக் கூப்பிடுவார். கடிதம் எழுதுகிறவள் கெய். பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்ட வேறொரு பெண். வாசகர்கள் ஐந்து பாகமாக இருவரையும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறாம் பாகத்தின் கடைசியில்தான் அவிழ வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. பதிப்பாசிரியை குவாபராவிடம்கூட.

துப்புக் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் வாசகருக்குக் கொடுத்த துப்பு, வலப்பக்கம் அது தீரும் இடம். நாற்பத்தோரு வரி. ஒன்றுகூடப் பொய் இல்லை. மறைத்தேன், பொய் சொல்லவில்லை. எட்டு வருஷமாக அதுதான் என் பெருமை.

இப்போது என் புத்தகம் பொய் சொல்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

குவாபராவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அது நாங்கதான் போட்டோம், சென்செய்! டிவி பாத்துட்டு சின்னப் பசங்க வாங்குவாங்க. பேரை வாசிக்கத் தெரியாம மூடி வச்சிடக் கூடாதுல்ல? ஒவ்வொரு பாகத்துலயும் பேரு முதல்ல வர்ற இடத்துல பொடியெழுத்து. அதுதான் வழக்கம்."

மற்ற பாகங்களில் யாராவது மெகுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபின்தான் கடிதம் வரும். இரண்டாம் பாகத்தில் எல்லோரும் "தலைவி" என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் முதலில் வருவதே கையொப்பத்தில்தான். நானே வெட்டிய குழி.

"ஒரே பொண்ணுதானே, சென்செய்?"

"ஹை" என்றேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஹை. அவள் அதை ஆமாம் என்கிற ஹையாக எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். திருத்தியிருக்கலாம். ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஏன் திருத்தவில்லை?

அக்டோபர் 6, ஞாயிறு

முள்ளங்கி ஏழு, உப்பில் போட்டாயிற்று. எழுதியது ஒரு வரியும் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

குவாபராவின் மின்னஞ்சல். ஒவ்வொரு வாரமும் அனிமே முடியும்போது மெகுமியின் குரலில் கடிதம் வாசிக்கப்படுமாம். "கண்ணீர் நிச்சயம்" என்று எழுதியிருக்கிறாள்.

அடுப்பில் சோறு கருகிவிட்டது. என் வீட்டுக்காரர் குனிஹிகோ டிராம் ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"யாரு செத்தாங்க இந்தத் தடவை?"

"யாரும் சாகலை. என் கதையில யாரும் சாக மாட்டாங்க. எத்தனை தடவை சொல்றது?"

"அப்போ எதுக்கு இந்த மூஞ்சி?"

"ஒரு விஷயம் சொல்லணும், சொல்லக் கூடாது."

"எங்கிட்டயா?"

"உங்ககிட்ட சொன்னா நாளைக்கு டிராம்ல ஏர்றவங்க எல்லாருக்கும் தெரியும்."

சிரித்தார். "சொல்லிடு, இல்ல சொல்லாத. நடுவுல நின்னுக்கிட்டு சோத்தைக் கருக்காத." அடிப்பிடித்ததைச் சுரண்டி அவரே சாப்பிட்டார். என் புத்தகம் ஒன்றையும் இவர் படித்ததில்லை. பத்து பக்கத்தில் தூக்கம் வந்துவிடும்.

அக்டோபர் 15, செவ்வாய்

கோவிலில் மாதக் கூட்டம். எல்லோருடனும் சேர்ந்து ஓதினேன். வாய் ஓதியது, மனம் 118ஆம் பக்கத்தில் இருந்தது. பொய் சொல்லாதவள் என்று என்னையே கும்பிட்டுக்கொண்டிருந்தேனா இத்தனை நாளும்?

அக்டோபர் 22, செவ்வாய்

அதிகாலை ரயிலில் தோக்கியோ. குரல் தேர்வு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், அந்தப் பக்கம் ஒவ்வொருவராகப் பெண்கள். பெரிய பள்ளிக்கூடம் பார்க்காதவள் நான். நூலகத்துத் துப்பறியும் கதைகளைப் பிரித்து எழுதிப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். அங்கே போய் குருவைக் கூப்பிடுவதுபோல் "சென்செய், சென்செய்" என்றால் நாற்காலி நுனியில்தான் உட்கார வருகிறது.

நான்காவதாக வந்தவள் ஒரிதோ சுமிரே, இருபத்திரண்டு வயது. மெகுமியின் வசனங்களை நன்றாகப் பேசினாள். கடிதத்தை எடுத்தாள். மூன்று வரி. நிறுத்திவிட்டாள்.

"மன்னிக்கணும். இதை மெகுமியாப் படிக்க வரலை."

ஒலி இயக்குநர் நிஷிவாகி பொத்தானை அழுத்திக் கேட்டார். "ஏம்மா, என்ன பிரச்சனை?"

"தலைவி எந்த வாக்கியத்தையும் முடிக்காம விட மாட்டா. இதுல ஒண்ணுகூட முடியலை. மூச்சு விடுற இடமே வேற. வேற யாரோ எழுதின மாதிரி..."

இந்தப் பக்கம் சிரிப்பு. குவாபராவும் சிரித்தாள். "கீழ பேரு இருக்கே, பொடியெழுத்தோட!" நிஷிவாகி என் பக்கம் திரும்பினார். "எழுதினவங்களே இருக்காங்க. சென்செய், ஒரே பொண்ணுதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும்.

நான் சொன்னேன், "நல்லாத்தான் படிக்கிறாங்க" என்று. அது பதிலா?

அவள் இடுப்பு வரை குனிந்தாள். "தப்பாப் படிச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

வேறு யாரும் கண்டுபிடிக்காததை மூன்று வரியில் கண்டுபிடித்தவள், என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். வரும் வழியில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

மெகுமிக்கு வேறு பெண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அது அவர்கள் இஷ்டம். ஆனால் ஒரிதோவைப் பற்றிக் குவாபரா சொன்னது: "குரல் நல்லாயிருக்கு, பாவம், படிச்சதைப் புரிஞ்சுக்கற சாமர்த்தியம் இல்லைன்னு நிஷிவாகி சார் குறிச்சு வச்சிட்டாரு. இனிமே கூப்பிட மாட்டாரு."

கூப்பிட மாட்டாராமே! சரியாப் படிச்சதுக்கா?

அக்டோபர் 25, வெள்ளி

பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஓதவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

"குவாபரா-சான், அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. கடிதம் எழுதினவ வேற. அதை கெய்ன்னு வாசிக்கணும்."

மறுமுனையில் புத்தகம் புரட்டும் ஓசை. வெகுநேரம் புரட்டினாள்.

"குடை. இடது கை. அந்த ரிப்பன்..." நான் வைத்த துப்புகள் ஒவ்வொன்றாக அவள் கையில் சிக்கின. "அஞ்சு பாகம்! அஞ்சு பாகத்துக்கும் வரிவரியாத் திருத்தம் போட்டவ நான். எங்கிட்டயே மறைச்சீங்களா? உங்களைக் கடிச்சுக் குதறணும் போல இருக்கு, சென்செய்."

"கடிங்க. முதல்ல நிஷிவாகி-சானுக்குப் போன் பண்ணுங்க. அவ தப்பாப் படிக்கலை."

"அன்னைக்கு ஆமாம்ன்னு சொன்னீங்களே!"

"ஹைன்னுதான் சொன்னேன்."

"அது ஆமாம்தான், சென்செய்!"

ஆமாம். அது ஆமாம்தான்.

நவம்பர் 2, சனி

முடிவானது இது. கடிதங்களை யாரும் வாசிக்க மாட்டார்கள். திரையில் கையெழுத்து மட்டும், பின்னால் மழைச் சத்தம். எல்லோரும் மெகுமியைத் "தலைவி" என்றே கூப்பிடுவார்கள். கடைசி வாரம்தான் கெய் வாய் திறப்பாள். அந்தக் குரல் ஒரிதோ சுமிரே. நிஷிவாகியே அவளைக் கூப்பிட்டுத் தலை குனிந்தாராம். "பதினோரு வாரம் பேசாத வேஷம், பரவாயில்லையா?" என்று கேட்டதற்கு, "நல்லாப் பேசாம இருப்பேன்" என்றாளாம்.

நவம்பர் 19, செவ்வாய்

மிச்சம் இருப்பது 118ஆம் பக்கம். கடைக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாது. அடுத்த அச்சில் பொடியெழுத்தை எடுக்கலாம். குவாபரா வேண்டாம் என்கிறாள்.

"இருந்ததை எடுத்தா யாராவது ஒப்பிட்டுப் பாப்பாங்க. ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. அதுவே விடையைக் கையில குடுக்கற மாதிரி. அப்படியே விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ஆறாம் பாகம் வந்ததும் அச்சுப்பிழைன்னு சொல்லிக்கலாம்."

எடுத்தால் எட்டு வருஷ ரகசியம் போகும். விட்டால் அது இருக்கும், ஒரு பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு. சந்தேகப்பட்ட ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "ஓ, மெகுமிதான். நான்தான் தப்பு" என்று மூடிவைப்பான். ஒரிதோ குனிந்த மாதிரி.

நவம்பர் 20, புதன்

எடுக்கச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டார்கள். புது அச்சு வந்து ஒன்பதே நாள். இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார் யாரோ. "பொடியெழுத்தை எடுத்தாங்கன்னா அது மெகுமி இல்ல. அப்போ யாரு?" கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள். நான்காவது பதிலிலேயே "கெய்". குடையும் சொல்லிவிட்டார்கள், இடது கையும் சொல்லிவிட்டார்கள். என் நாற்பத்தோரு வரியில் முப்பத்தாறு.

அழுதேன். துணி காயப்போடும்போது, யாருக்கும் தெரியாமல்.

ஒருவர் எழுதியிருந்தார்: "முதல்லேர்ந்து திரும்பப் படிச்சேன். இவங்க ஒரு தடவைகூடப் பொய் சொல்லலை. அந்த ஒரு அச்சைத் தவிர." அதை நோட்டில் எழுதிவைக்கப் போனேன். கர்வம் என்று தோன்றியது. எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேனே.

மார்ச் 4, செவ்வாய்

ஆறாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தேன். தெரிந்த ரகசியத்தைத் தெரியாத மாதிரி அவிழ்த்துக் காட்ட வெட்கமாக இருக்கிறது. கெய் யார் என்பது போகட்டும். அவள் ஏன் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்? அதை நான்கூட இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. முதல் வரியிலிருந்து அவளே பேசட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடுநிசியில் வந்த முதல் வாரத்தைப் பதிவு செய்து காலைச் சோற்றோடு பார்த்தோம். குனிஹிகோ, "மழை நல்லா வரைஞ்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான்.

மே 18, ஞாயிறு

கையெழுத்துப் பிரதி போய்ச் சேர்ந்தது. குவாபராவிடமிருந்து ஒரே வரி: "இந்தத் தடவை கடிக்க மாட்டேன்."

ஜூன் 22, ஞாயிறு

கடைசி வாரம். கோவிலில் கோடைப் பூசை, ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இணையம் முழுக்கத் தெரிந்த விஷயம்தானே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று மிசோ சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

திரையில் மழை நின்றது. அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். பதினோரு வாரமாகப் பேசாமல் இருந்த ஒரிதோ சுமிரே, மூச்சைப் பாதியில் விட்டு, "நான்... கெய்" என்றாள்.

பக்கத்தில் குனிஹிகோவின் சாப்ஸ்டிக்ஸ் குச்சிகள் நின்றுவிட்டன.

"ஏய் நோபுயே. இது வேற பொண்ணா?"

சூப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அப்போ அந்தக் கடிதம் எல்லாம்? அந்தக் குடை? அடிப்பாவி! பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியே, ஒரு வார்த்தை சொன்னியா?" வாய் நிறையச் சோறு, கண் திரையை விட்டு நகரவில்லை. "முதல் வாரம் அழிச்சிடலையே? போடு. முதல்லேர்ந்து போடு."

போட்டேன். பூசைக்கு வர நேரமாகும் என்று கோவிலுக்குச் சொல்லியனுப்பினேன்.