சொந்தத் தோட்டத்துக்குள் நுழையும் முறை

என் அன்பு ஜெசிந்தாக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமாகிவிட்டது. இன்று காலை கோயிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம். பாதர் உங்கள் பெயரைப் பிழையில்லாமல் வாசித்தார். இதைப்போய் ஒரு செய்தியாக எழுதுகிறாளே என்று நினைக்கிறீர்களா? நாம் இரண்டு பேரும் சனி ஞாயிறுகளில் அரைகுறையாகச் சமைத்து வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படித்தோமே, அந்த வெள்ளவத்தை நிறுவனம் உங்கள் செத்தவீட்டுக்குக் கொண்டுவந்த பதாகையில் "எமது மாணவி ஜெயசிந்தா" என்று அடித்திருந்தது. நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். நான் அவிழ்த்து எறிந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்கு, நிறுவனத்தில் எங்களுக்குப் படிப்பித்த இணைப்பாளர் சேர் வந்தார். மைக் இல்லாத வீட்டில் மைக் இருப்பதுபோலப் பேசினார். நீங்கள் சமூகத்தின் ஆணிவேராம். "அனுபவம் இருக்கு, கோட்பாடு இல்லை" என்று சொல்லி உங்கள் கட்டுரையைத் திருப்பித் தந்த அதே மனுசன்தான். ஆணிவேர் உயிரோடு இருந்தபோது ஏன் புள்ளி போடவில்லை என்று கேட்க வாய் உன்னியது. உங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி கொடுக்கப் போனேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அக்கா. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் வரிசைவீட்டுத் தோட்டத்தின் முகப்பில் ஒரு பொது அறை இருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்டு, வேலையும் கிடைக்காமல் வீட்டில் ஏச்சு வாங்கும் குமர்ப்பிள்ளைகள் பின்னேரங்களில் அங்கே வருவார்கள். சீருடை தைத்துப் பிழைத்த ஜெசிந்தாக்காவும், பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்து நாள் முழுக்க நிற்கிற நானும் அதைத் திறந்து வைத்திருந்தோம். பிறகு புதிதாக வந்த ஒரு அதிகாரி, இனிமேல் டிப்ளோமா இருக்கிறவரிடம்தான் அந்த அறையின் பூட்டையும் திறப்பையும் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்த வயதில் நாம் இளைஞர் மற்றும் சமூகப் பணி படிக்கப் போனோம்.

எவ்வளவு பெரிய படிப்பு! நம் பிள்ளைகள் முதலில் "இலக்குக் குழு" ஆனார்கள், பிறகு "பயனாளிகள்" ஆனார்கள். வகுப்பின் பின் வாங்கில் உட்கார்ந்து என் காதுக்குள் நீங்கள் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "அடியே கலா, நாங்க பிள்ளைகளுக்கு பிளேன்டீ ஊத்திக் குடுக்கிறதுக்கு என்ன பேர் தெரியுமா? போஷாக்குத் தலையீடாம்." அன்று சிரித்ததற்காக என்னை எழுந்து நிற்கச் சொன்னார் சேர். நாற்பது கடந்த பொம்பிளையை! களுபோவில ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோதும், நாம் இரண்டு பேரும் அவரைப் போலக் கதைத்துத்தானே சிரித்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் போன பிறகுதான் களப்பயிற்சி வந்தது. குழுவுக்கு ஒரு சமூகம் என்று பிரித்தார்கள். எங்கள் குழுவுக்கு விழுந்தது எது தெரியுமா? எங்கள் தோட்டம். நான் கையைத் தூக்கினேன். "சேர், அது என்ட வீடு. நான் அங்கதான் பிறந்தனான்." அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அது வேற விஷயம், மிஸிஸ் கலா. ஒரு தொழில்வாண்மையாளரா நீங்கள் அந்தச் சமூகத்துக்குள்ள இன்னும் நுழையேல்லை. முறைப்படி நுழைய வேணும்." நுழைவதற்கு ஒரு பாடமே இருக்கிறதல்லவா? அதில் முதற்படி, குழுவாக வெளியே நின்று அவதானிப்பது.

ஆகவே ஒரு சனிக்கிழமை, குப்பை போட வெளியே போய், சாமான்களோடு உள்ளே வந்து பழகிய அதே வாசலில், நிறுவனத்தின் ரீசேட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நான் அவதானித்தேன். குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த லோரன்ஸ் அண்ணன் தலையில் சவர்க்கார நுரையோடு நிமிர்ந்து பார்த்தார். "என்ன கலா, வீட்டுத் திறப்பு துலைஞ்சு போச்சா?" என்று கேட்டார். தோட்டமே சிரித்தது. எங்கள் குழுத் தலைவி அனுஷ்யா அதையும் எழுதிக்கொண்டாள்.

அனுஷ்யாவை உங்களுக்குத் தெரியும். முன் வாங்குக்காரி, சேர் தும்மினாலும் குறிப்பெடுப்பவள். வயது இருபத்துநாலோ என்னவோ. அவள் என் வீட்டுக் கதவைத் தட்டி, என் மனுசனிடம், "இந்தக் குடும்பத்தில முடிவெடுக்கிறவர் ஆர்?" என்று கேட்டாள். அவர் கையை நீட்டி, அவளுக்குப் பின்னால் தொப்பியோடு நின்ற என்னைக் காட்டினார்.

அதைவிடப் பெரிய கூத்து அறிக்கையில் நடந்தது. "நாங்க தோட்டத்து ஆக்கள் மிஸ்" என்று எல்லாரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சுவருக்குச் சுவர் ஒட்டிய வரிசை வீடும், நடுவில் ஒரு பொதுக் குழாயும் இருந்தால் கொழும்பில் அதற்குப் பெயர் தோட்டம். இது தெரியாத அனுஷ்யா, நம்மைப் பெருந்தோட்டச் சமூகம் என்று எழுதிவிட்டாள். தேயிலைக் கொழுந்து பறிப்பதால் வரும் முதுகுவலி பற்றி ஒரு முழுப் பந்தி! துறைமுகக் காற்றடிக்கும் கொட்டாஞ்சேனையில் தேயிலை. சேர் அதை வாசித்துவிட்டு, "நல்ல ஆழமான அவதானிப்பு" என்றார். நான் திருத்தவில்லை, அக்கா. அது அப்படியே, படிப்புக்குக் காசு கொடுக்கும் வெளிநாட்டு டோனர்ஸிடம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதுவரை சிரிக்கலாம். இனி எழுதப்போவதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

நம் பிள்ளைகளில் ஒருத்தி. எவள் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். எங்கிருந்து, ஏன் என்று நான் இங்கே எழுதமாட்டேன். எந்தப் பக்கத்து பஸ் என்றுகூட எழுதமாட்டேன். வாசிக்கிறவர்களுக்கு அது தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. பகிடி பண்ணுவதற்கென்றே வாயை வைத்திருக்கிற நம் தோட்டம் அந்த விஷயத்தில் ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனாலும் அனுஷ்யாவின் காதில் ஏதோ அரைகுறையாக விழுந்துவிட்டது.

சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸிஸ் கலா, நிறைவு விழாவுக்கு டோனர்ஸ் வருகினம். ஒரு வெற்றிக் கதை வேணும். அந்தப் பிள்ளையை மேடையில ஏத்துவம்."

"அவ ஏறமாட்டா சேர்."

"பேரை மாத்திச் சொல்லுவம்."

"பேரை மாத்தலாம். மேடையில நிக்கிற முகத்தை என்ன செய்வீங்க?"

கொஞ்சம் யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் எவ்வளவு நல்லவர்போல இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "அப்ப நீங்களே அந்தக் கதையைச் சொல்லுங்கோ. முழு விபரமும் உங்களுக்கும் ஜெசிந்தாவுக்கும்தான் தெரியுமாம்."

"எனக்குத் தெரியாது சேர். ஜெசிந்தாக்காவுக்குத்தான் தெரியும். அவட்டயே கேளுங்க."

அவர் முகம் கறுத்துப்போனது. செத்துப்போன உங்களை அப்படி இழுத்ததற்கு என்னை மன்னியுங்கள். கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தேன்.

முடிவை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். கோட்பாட்டில் சித்தி. களப்பயிற்சியில் எனக்குச் சித்தியில்லை, பெயில். "சமூகத்தின் நம்பிக்கையை வென்றெடுத்தல்" என்ற பகுதி போதாதாம். அந்தச் சமூகத்திலேயே வாழ்ந்துகொண்டு, ஒரு கதையைக்கூட வெளியே கொண்டுவர முடியாதவர் இந்தத் தொழிலுக்கு எப்படிப் பொருந்துவார் என்று கேட்டார். அனுஷ்யா குறிப்பெடுத்தாள். நம்பிக்கை என்ற சொல்லை அந்த மனுசன் எந்தக் கடையில் வாங்கினார், அக்கா? நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பொறுமையாக இரு என்று என் கையைப் பிடித்திருப்பீர்கள். உங்கள் பொறுமையை நான் ஒருநாளும் மதித்ததில்லை. இப்போதும் மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கை வேண்டும்போல் இருந்தது.

அறை விஷயத்தையும் சொல்லவேண்டும். அனுஷ்யாவுக்கு டிப்ளோமா கிடைத்தது, அவளிடமே அறையைக் கொடுத்தார்கள். முதல் கிழமை இரண்டு நாள் வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்க எப்பவும் கருவாட்டு மணமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளைக் காணவில்லை. திறப்பு மட்டும் ஒரு ஓட்டோக்காரத் தம்பியின் கையில் என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது அறை வாசல் பலகையில் அவள் பெயர், விளக்குமாறு என் கையில். அதிகாரி ஒருநாள் எட்டிப் பார்த்தால் அறையும் போய்விடும். பிள்ளைகள் மறுபடி வீட்டு மூலைக்குத்தான் போகவேண்டும்.

போன கிழமை அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை வந்து வாசலில் நின்றாள். அது அவளா, வேறொருத்தியா என்று எழுதமாட்டேன். வாசிக்கிறவர்கள் யோசித்துக் களைக்கட்டும்.

"அக்கா, நீங்க பெயிலாமே? உண்மையா?"

"ஓம்."

"என்னத்தில?"

நம்பிக்கையில் என்று சொல்ல நா வரவில்லை. "கதைக்கிறதில" என்றேன்.

"நீங்களா! கதைக்கிறதிலயா!" கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அக்கா, உங்கட வாயை மூடுறதெண்டாத்தான் ஆள் பிடிக்க வேணும்." அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. நீங்கள் பார்த்திருக்கவேண்டும், அக்கா. தூசு பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ஆகவே இதுதான் உங்களுக்கு என் வாக்கு. அடுத்த தொகுதி மாணவர்களோடு களப்பயிற்சிக்கு மறுபடி போகிறேன். அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பேன். சேரின் நம்பிக்கைப் பாடத்தை முன் வாங்கில் இருந்து, கொட்டாவி விடாமல் கேட்பேன். அந்தக் கடதாசியை வாங்கி அறையை மீட்டெடுப்பேன். ஆனால் நீங்கள் பஸ்ஸால் இறங்கிய அன்று என்னிடம் சொன்னது இருக்கிறதே, அதற்காக அவர்கள் என்னைச் சாகும்வரை பெயிலாக்கினாலும் அது என்னோடுதான் உங்களிடம் வந்து சேரும்.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
கலா
கொட்டாஞ்சேனை