முன்சீட்டில் கலெக்டர்

மார்ச் 3, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பாது என்று சூரிய சந்திரர் சாட்சியாக உறுதி கூறுகிறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். என் ஹாரன் கேட்டு மேகங்களே ஓரம்கட்டி வழிவிட்டதுண்டு. அப்பேர்ப்பட்டவனிடம் இன்று போக்குவரத்து அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சொல்கிறாள்: இந்த நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நம்ம ஊர் லைசென்ஸ் மூன்று மாதம்தான் செல்லுமாம். என் கெடு முடிந்துவிட்டதாம். இனி கண் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு – எல்லாம் முதலிலிருந்து.

பக்கத்தில் நின்ற அக்கா மகள், எட்டு மாத வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"சிரிக்காதடி, உள்ள இருக்கறது பயந்துக்கப் போவுது."

"அதுவும் சேந்துதான் சிரிக்குது மாமா."

வீட்டில் இவளுக்கு நான் வைத்த பெயர் கலெக்டர். உத்தரவு போடாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

மார்ச் 5, புதன்

நான் வந்ததே இந்தப் பிரசவத்துக்காக. அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில். அதற்குள் கரை சேர்வது சந்தேகம். கார் அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது, இனி ஓட்டாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியோ நகரத்தின் மறுகோடியில்.

டாக்சி இருக்கிறதே என்றேன்.

"வலியோட முன்ன பின்ன தெரியாதவங்க வண்டில ஏறமாட்டேன். நம்ம ஆளு ஒருத்தர்தான் ஓட்டணும் மாமா."

பரீட்சைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுத்துத் தேர்வில் தேறினேன். கம்ப்யூட்டர் எழுந்து நின்று கைதட்டியது. காரின் முன்னும் பின்னும் எல் போர்டு. இன்சூரன்ஸில் என் பெயரைச் சேர்க்கப்போனால், 'புதிய ஓட்டுநர், அனுபவம் இல்லை' என்று போட்டுவிட்டார்கள். முப்பது வருஷத்தை ஈரத்துணியால் துடைத்த மாதிரி.

பழகும் காலத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்து சீட்டில் இருந்தே ஆகவேண்டுமாம். ஆக, கலெக்டர் முன்சீட்டில்.

"தோளுக்கு மேல திரும்பிப் பாருங்க."

"கண்ணாடி எதுக்கு இருக்கு?"

"கண்ணாடில தெரியாத எடத்துலதான் சைக்கிள்காரன் வருவான். திரும்புங்க!"

ஏப்ரல் 2, புதன்

ஃபெயில்.

ஒரு வயசான அம்மா ரோட்டைக் கடக்கத் தயங்கினார். வண்டியை நிறுத்தி, 'போங்கம்மா, நான் இருக்கேன்' என்று மரியாதையாக ஒரு ஹாரன் கொடுத்தேன். இங்கே அது கெட்ட வார்த்தைக்குச் சமமாம். அவர் பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். பரீட்சை அதிகாரி எழுதிய வேகத்தில் பேனா பேப்பரைத் தாண்டி அவர் தொடையில் இறங்கியது. மறுதேர்வு மே மாதம்தான்.

குழந்தை மே வரைக்கும் காத்திருக்குமா? முப்பது வருஷம் என்னத்த ஓட்டிக் கிழிச்சேன்? வலி வந்தா அக்கா புள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது?

கலெக்டர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று நோட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

காலைக் காப்பி ஆறுவதற்குள் வலி. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். நேரம் இருக்கிறது, நிதானமாக வாருங்கள் என்றார்களாம். நான் பின்சீட்டில் தலையணை அடுக்கினேன். அவள் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"என்னடி இது?"

"நான் பின்னாடி படுத்தா நீங்க தனியா ஓட்டற கணக்கு. லைசென்ஸ்காரங்க முன்னாடி இருக்கணும்னுதான் சட்டம். அவங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. எடுங்க வண்டிய!"

எடுத்தேன். தெருவிளக்குகள் குனிந்து வணங்கின. பஸ்கள் பயந்து சந்துக்குள் ஒளிந்தன.

"லெஃப்ட்ல திரும்பணும்... இண்டி... அம்மாஆ... இண்டிகேட்டர்!"

"போட்டாச்சும்மா, போட்டாச்சு."

சிவப்பு விளக்கில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இருந்தா பின்னாடி உக்காந்து உங்களத் திட்டிக்கிட்டே வந்திருக்கும் மாமா."

"அதான் நீ முன்னாடி உக்காந்து திட்டறியே. அது போதும் எனக்கு."

பச்சை விழுந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் எல்லாமே கலங்கலாகத்தான் தெரிந்தது. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பெண் குழந்தை. அழுத அழுகையில் ஆஸ்பத்திரி ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தது.

ஏப்ரல் 14, திங்கள்

வீடு திரும்பினோம். குழந்தைக்குத் தனி சீட், அதுவும் பின்னால், அதுவும் முதுகைக் காட்டி. சட்டம். கலெக்டர் முன்னால், தூங்காமல். அதுவும் சட்டம். பின்னால் அது தனியாக வீறிட, முன்னால் இவள் தையல் வலியோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ராத்திரிகளில் கண் மூடாதவள். தாயையும் பிள்ளையையும் பிரித்து வைத்திருப்பது என் எல் போர்டுதான்.

மே 6, செவ்வாய்

பாஸ்! பரீட்சை அதிகாரி என் காலில் விழுந்து, "சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கதறினார். தூக்கி நிறுத்தினேன்.

மே 9, வெள்ளி

தடுப்பூசிக்குப் போய் வந்தோம். கலெக்டர் முதல்முறையாகப் பின்சீட்டில், குழந்தை பக்கத்தில். சாயங்காலம் மாப்பிள்ளை கப்பலிலிருந்து பேசினார். போலீஸ் அணிவகுப்போடு போனோம், நகர மேயர் கொடியசைத்தார், திரும்பும்போது உங்கள் மனைவியும் மகளும் ஒருவர் பக்கம் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள், எழுப்ப மனசில்லாமல் வீட்டைத் தாண்டி ஊரையே சுற்றிவந்தேன் என்றேன்.

"மாமா, உங்க புளுகுக்கு ஒரு அளவே இல்லையா?" என்று சிரித்தார்.

போலீஸ் பொய். மேயரும் பொய். தூங்கினது மட்டும் நிஜம்.