அக்காவின் சங்கிலி

செவ்வாய், பிரிக்பீல்ட்ஸ்

சூதாட்டத் தளங்களுக்குப் பணம் மாற்றித் தருவதை எங்கள் கம்பெனி நிறுத்திவிட்டது. சட்டம் இறுகிவிட்டதாம். ஆன்லைனில் போக்கர் சீட்டு ஆடுகிறவர்களின் பணம் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு சாட்டில் பதில் எழுதுவது என் வேலை. "மன்னிக்கவும், உங்கள் கணக்கு முடக்கப்பட்டது." அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது.

இன்று மத்தியானம் திரையில் வந்த பெயர், கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்காரருடையது. பதில் எழுதுவது நான் என்று அவருக்குத் தெரியாது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்த காசு, தயவுசெய்து பாருங்கள் பாஸ் என்று மலாய் மொழியில் கெஞ்சியிருந்தார். அதே வரியைத்தான் அனுப்பினேன்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, என் சங்கிலியக் காணோம்டா. யாந்திதான் எடுத்திருப்பான்னு மாமா சொல்றாரு. அவள நிறுத்திட்டேன்." யாந்தி அவர்கள் வீட்டில் வேலை செய்த இந்தோனேசியப் பெண்.

வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். இருந்தும், "அவ எடுக்கலக்கா. மாமாகிட்டயே கேளு" என்றேன்.

உனக்கெப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவே இல்லை. "நீ இதுல தலையிடாத லா" என்று போனை வைத்துவிட்டாள்.

எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கிறாள்.