பீப்பாய் வெடித்தும் நான் ஓடவில்லை

எந்த விளையாட்டையும் ஹார்டு மோடில் மட்டுமே ஆடிய என் செல்ல அண்ணனுக்கு,

முதலில் சேதி. உன்னால் கடைசிவரை தாண்ட முடியாத அந்தக் கடைசிக் குகையை நேற்று நான் தாண்டிவிட்டேன். அதுவும் உன் ஹார்டு மோடிலேயே! கேட்குதா அண்ணே?

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனதிலிருந்து புதுப்பட்டியில் உன் டிவி கேம் கடை ஈயாடியது. "பட்டாசுக் கம்பெனிக்குப் போற புள்ளைக்கு இது எதுக்குத்தா? வித்துருவோம்" என்றார் நம் அய்யா. உன்னிடம் ஆடிய பயல்களோ, "அண்ணன் முடிக்காத குகைய நீ முடிச்சுக் காட்டுக்கா, அப்பத்தான் கடைக்கு வருவோம்" என்றார்கள். ரோஷம் வராமல் இருக்குமா?

என் பாடுதான் உனக்குத் தெரியுமே. பொறியைக் கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு என்று போர்மேன் சொல்லிச் சொல்லி, அது உடம்பிலேயே ஊறிவிட்டது. திரையில் பீப்பாய் வெடித்தாலும் ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். ஆனால் பயிற்சி மோடைத் தொடவிட மாட்டாய். "ஏத்தா, ஈசியா ஜெயிச்சா அதுக்குப் பேரு ஜெயிப்பா? அந்த மோடெல்லாம் ஆட்டத்தையே கெடுத்துரும்."

கெடுக்கவில்லை அண்ணே. ஞாயிறுதோறும் அதைத்தான் போட்டு உட்கார்ந்தேன். அதில் பீப்பாய் வெடிக்கும், ஆள் சாகாது. முதலில் தெருவரை ஓடினேன், பிறகு வாசல்வரை, பிறகு எழுந்து நின்றதோடு சரி. கம்பெனியில் என் பக்கத்தில் வேலை பார்க்கும் மாரியக்காவும் துணைக்கு வந்து கூடவே ஓடினாள்.

ஒன்றில் நீ சொன்னது சரி. சாகாத மோடிலேயே ஆடிக்கொண்டிருந்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. அதனால்தான் நேற்று ஹார்டுக்கு மாறினேன். ஆனாலும் கேட்கிறேன், ஆஸ்பத்திரியில் உனக்கு அப்படி ஒரு மோடு இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாயா? நான் உன்னைக் கேட்காமலே போட்டிருப்பேன்.

நேற்று கடை நிறையப் பயல்கள். குகை வாசலில் கடைசிப் பீப்பாய் வெடித்தது. மாரியக்கா தெருவுக்கு ஓடிவிட்டாள். நான் அசையவில்லை. பயல்கள் போட்ட கூச்சலில் அய்யாவே வந்து எட்டிப் பார்த்தார். "முடிச்சுட்டியாத்தா? அப்பக் கடை இருக்கட்டும்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

யார் எந்த மோடில் ஆடினாலும் தடுக்கமாட்டேன் அண்ணே. கடைசிக் குகைக்கு மட்டும், உனக்காக, ஹார்டு மோடுதான். கடைப் பலகையில் உன் பேர்தான் இருக்கும்.

உன்னை ஜெயித்த தங்கச்சி,
செல்வி