நாவலடிக் கிணற்றைத் தூர்க்க மறுத்து நடுவன் சாத்தன் விடுத்த ஓலை

மண் குளிர்க. மழை தவறாது பெய்க. ஏழு அருவிக்கும் உரியவரும், எளியோர்க்கு நிழல் தருபவருமான கொண்டல் நாட்டு மன்னர் வேள் மாவிறலனார் திருமுன்னர்க்குத் தென்மலைக் கூற்றத்து நடுவன் ஓரிச்சாத்தன் அடிபணிந்து விடுக்கும் ஓலை. அரண்மனையில் யாவரும் நலமெனச் சாத்தன் நம்புகிறான். பட்டத்து யானையின் கால் புண் ஆற வேண்டுமென்று நாள்தோறும் விளக்கேற்றியும் வருகிறான்.

தேவரீரின் ஓலை வளர்பிறை ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தது. சாத்தன் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, எழுந்து நின்று, ஊரார் கேட்க வாசித்தான். மணிமலைச் சுரங்கத்தில் நீர் இறைப்போரைக் கலைத்த தண்ணீர்ப்பந்தல் பூதிநங்கையைக் கட்டி அனுப்புக என்றும், சுரங்க வேலைக்கு இனித் தடை வராதபடி நாவலடிக் கிணற்றைத் தூர்த்து, அவ்வூர் முப்பது குடிகளையும் ஆற்றங்கரைக்குப் பெயர்த்துவிடுக என்றும் அதில் கண்டிருந்தது. இரண்டும் நடவா. ஏன் நடவா என்பதைச் சொல்லவே இவ்வோலை.

மகுடத்துக்கு நீலக்கல் வேண்டி மணிமலையைத் தோண்டத் தோண்ட, குழியில் நீர் ஊறியது. ஐந்து ஏற்றங்கள் ஓயாமல் இறைத்து, அந்நீரை மேற்குச் சரிவில் வெறும் பாறைமேல் கொட்டின. கிழக்கு அடிவாரத்தில் இருப்பது நாவலடி. அங்கே வழிப்போக்கருக்கென்று முன்னோர் வைத்த தண்ணீர்ப்பந்தலைக் காப்பவள் பூதி. ஆண்டுக்கொரு முறை, தைத் திங்கள் முழுநிலவு நாளில், கோயிலில் இருக்கும் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றின் அடிவரை இறக்கி, ஈரம் ஏறிய உயரத்தில் முடிச்சிடுவது அவ்வூர் வழக்கம். கிணற்றை நலம் விசாரிப்பது என்று அதைச் சொல்வார்கள். பதினோராண்டு முடிச்சுகளும் ஒரு முழத்துக்குள் நெருங்கிக் கிடந்தன. இவ்வாண்டு முடிச்சோ அவற்றுக்கு ஒன்பது முழம் கீழே விழுந்தது.

பூதி அந்தக் கயிற்றைச் சுமந்துபோய்ச் சுரங்கக் கண்காணி கொற்றனாரிடம் காட்டினாள். மழை குறைந்தால் கிணறு வற்றாதா என்று அவர் கேட்டார்; கயிறு அவ்வளவு அறிவுள்ளதானால் அதையே அமைச்சராக்கிவிடலாமே என்றும் நகைத்தார். தாராளமாக ஆக்கலாம், அது கைக்கூலி கேட்காது என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

பின்பு வைகாசியில் கருவிகளுக்குப் பூசையிடும் மூன்று நாள் வந்தது. கண்காணியார் பக்தியில் குறைந்தவர் அல்லர். ஏற்றங்களுக்குச் சந்தனம் பூசி, மாலையிட்டு, மூன்று நாளும் எவரும் தொடலாகாதென்று அவரே ஆணையிட்டார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஆயினும் மூன்றாம் நாள் காலை கிணற்றில் நீர் நான்கு முழம் ஏறியிருந்தது. ஊரார் அம்மன் இரங்கினாள் என்று தேங்காய் உடைத்தார்கள். பூதியும் கைகூப்பினாள், பிறகு மலைப்பக்கம் காது கொடுத்தாள். ஏற்றத்தின் கிரீச்சொலி இல்லை. அருள் அம்மனுடையதுதான், அது எந்த வழியாய் வந்தது என்று பார்ப்பதும் பக்தியே அல்லவா?

சுரங்கத்து நீர் சேறு கலந்தது, குடிக்க ஆகாது. ஆகையால் நாள்தோறும் அங்குள்ள அறுபது ஆட்களுக்கும் பூதியே குடிநீர் கொண்டுபோவாள். நாவலடி வற்றிய பின்பும் அதை நிறுத்தவில்லை. நான்காம் நாள் காலையும் அரைக்குடங்களோடு போனாள். தோளில் நனைந்த கயிறும் இருந்தது. ஏற்றக்காரர் தலைவன் வேட்டன் கயிற்றைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான், இது யாருடைய பங்கு என்று கேட்டான். தன் கன்றுக்குட்டியின் பங்கு என்றும், அது தண்ணீருள்ள ஊருக்கு விருந்து போயிருப்பதால் கூச்சப்படாமல் குடிக்கலாம் என்றும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். அவன் கேட்கவே, ஏற்றங்கள் நின்ற மூன்று நாளில் நீர் ஏறிய அளவையும் கயிற்றில் காட்டினாளாம்.

அறுபது பேரும் மாலை கழற்றாத ஏற்றத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனை நாள் பாறையில் கொட்டியது இவள் கிணற்று நீரையே என்றும், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யமாட்டோம் என்றும் சொன்னார்கள். இதுதான் பூதி ஆட்களைக் கலைத்த வரலாறு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தது கலகமென்றால், இக்கூற்றத்தில் கலகம் பெருகுக.

தேவரீரின் தூதர் வெயிலில் வந்து, முதலில் அவள் கையால் நீரருந்தி இளைப்பாறினார். பிறகு ஓலையில் அவள் பெயரைக் கேட்டபோது தலை தாழ்த்தினார். அவரையே விசாரித்தருள்க.

இனி, நடுவன் என்ற முறையில் சாத்தன் இட்ட கட்டளை இது. சுரங்க நீரைக் கிழக்கே திருப்பி நாவலடி ஏரியில் விட வேண்டும். அங்கே சேறு படிந்து, தெளிந்தது மண்ணுக்குள் இறங்கும். கால்வாயை ஊராரும் சுரங்கத்தாரும் ஒன்பது நாளில் வெட்டி முடித்தார்கள். மூன்று ஏற்றங்கள் மட்டும் ஓடும். கயிறு இனி ஆண்டுக்கொரு முறையன்று, விடியல்தோறும் இறங்கும். பழைய முடிச்சுகளுக்கு ஐந்து முழம் கீழே நீர் போனால் அன்று எல்லா ஏற்றமும் நிற்கும். அதனால் மகுடம் ஓராண்டு தாமதமாகும். தாமதமாகட்டும். தேவரீரின் தலை வெறுமையாக இருந்தாலும் குடிகள் வணங்குவார்கள். குடம் வெறுமையானால் வணங்க ஆள் இருக்காது.

பூதியைக் கட்டி அழைத்துவர வேண்டுமென்றால், அவளைக் கட்டும் கயிற்றைச் சாத்தனின் கைகளுக்கு அனுப்புக. அவன் ஊர் எல்லையில் காத்திருப்பான்.

தேவரீர் அளித்த இலச்சினை மோதிரத்தால் தேவரீரின் ஆணையை மறுப்பது முறையன்று. ஆகவே அதை இவ்வோலைக்குள் வைத்துத் திருப்பி அனுப்புகிறான். ஓலைக்கட்டின்மேல் முத்திரைக்கென இட்ட ஈரமண்ணில் மோதிரத்துக்குப் பதிலாக அழுத்தியிருப்பது நாவலடிக் கயிற்றின் புது முடிச்சு. இன்று காலை அது, ஏற்றங்கள் நிற்க வேண்டிய அளவுக்கு மூன்று முழம் மேலே இடப்பட்டது.

கிணறு ஊறுக. அரசு வாழ்க. இது ஓரிச்சாத்தன் எழுத்து.