சொம்புத் தண்ணீரும் எண்பது கிலோமீட்டரும்

ஏப்ரல் 7, திங்கள்

தாராபுரம் லைனில் இன்று நான்கு தென்னந்தோப்புகளில் பூச்சிக் கணக்கெடுப்பு. வீடு திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் பஞ்சைப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும்.

இன்று இலவசமாகக் கிடைத்த அறிவுரைகள். கோவை கணபதி சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர்: "ஏனுங்க, இந்த வெயிலுக்கு ஜாக்கெட்டுங்களா?" என்னோடு வேலை பார்க்கும் சென்னகேசவன்: "அரைக்கை சட்டை போட்டுட்டு ஓட்டிப் பாருங்க, காத்து பட்டா ஜில்லுனு இருக்கும்." அத்தா, எல்லா அப்பாக்களையும் போல: "ஹெல்மெட்டை ஊருக்குள்ள போட்டாப் போதும்மா, முடி கொட்டிரும்." அம்மாவுக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: "முகத்துக்குத் துணி கட்டினியா? கறுத்துட்டு வந்து நிக்கறே."

நாற்பது டிகிரிக் காற்று எப்படி ஜில்லென்று இருக்கும்? உடம்பைவிடச் சூடான காற்றில் கையைத் திறந்து வைப்பது அடுப்பு வாயில் கையை நீட்டுவதற்குச் சமம். பாலைவனத்து மக்கள் உச்சி முதல் பாதம் வரை போர்த்திக்கொள்வது ஏன் என்று ஒரு புத்தகம் முழுக்கப் படித்திருக்கிறேன். சிக்னலில் தொண்ணூறு விநாடிதானே கிடைக்கிறது, எங்கே விளக்குவது?

ஏப்ரல் 9, புதன்

சோதனை வெற்றி. பருத்திப் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு, மேலே காற்று புகும் வலை ஜாக்கெட். கழுத்தில் ஈரத்துணி. ஹெல்மெட் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை குளிர்கிறது, நிஜமாகவே குளிர்கிறது! இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் காய்ந்துவிடுகிறது. பல்லடம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மறுபடி நனைத்துக்கொண்டேன். அத்தா தன் சீட் கவர் கடையில் என் வண்டியின் கறுப்பு ரெக்ஸினைக் கழற்றிவிட்டு வெளிர் நிறத்தில் மாற்றித் தந்திருக்கிறார். மதியத்தில் இனி தோசைக்கல்லில் உட்கார வேண்டியதில்லை.

இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோனேன். இரண்டு லிட்டரும் பனியனுக்கும் கழுத்துத் துணிக்கும் போனது. ஒரு மிடறு கூட உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று எழுதியதன் கடைசி வரியைப் படித்தேன். எனக்கு நானே எழுதுவதில் கூட ஏன் இந்தப் பூசி மெழுகல்? எழுதிவிடுகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி மாலை மூன்று மணிக்குத் திரும்பும்வரை நான் சிறுநீர் கழிப்பதில்லை. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை.

சென்னகேசவனுக்குப் பிரச்சினையே இல்லை. வண்டியை ஓரங்கட்டினால் போதும், எந்த வேலமரமும் அவருக்குச் சொந்தம். எனக்கு? வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் 'மகளிர்' என்று எழுதிய கதவு இருக்கிறது. பூட்டு இருக்கிறது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்கு என்ன பசியோ!

தோப்பு வீடுகளில் கேட்கலாம்தான். வாசலில் கால் வைத்ததுமே சொம்பில் தண்ணீர் வந்துவிடும். "தண்ணி குடிங்க அம்மணி." நான் சிரித்து, "இப்பத்தாங்க குடிச்சேன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பிறகு மரம் மரமாக ஓலையைத் திருப்பி வெள்ளை ஈயை எண்ணி டேப்லெட்டில் ஏற்றுவேன். முப்பத்தொரு தோப்புகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முப்பத்தொரு சொம்பு.

ஏன் கேட்பதில்லை? கூச்சம். அதற்குக் கீழே இன்னொன்றும் உண்டு. கோட்டைமேட்டிலிருந்து கணபதிக்குக் குடிவந்த முஸ்லிம் வீட்டுப் பெண் நான், பெயர் ஃபஹீமா. வாசலில் மரியாதையாகப் பேசுகிறவர்கள், வீட்டுக்குப் பின்னால் குளியலறை வரை போகட்டுமா என்று கேட்டால் ஒரு நொடி தயங்கிவிட்டால்? அந்த ஒரு நொடியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சிறுநீர் போகையில் எரிச்சல், காய்ச்சல். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டே, "இந்த வருஷத்துல ரெண்டாவது தடவை. தண்ணி குடிங்கன்னா ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். மாத்திரையோடு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சரவணம்பட்டி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் கிருபாசங்கர் குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் இன்னும் பயம்.

"ஃபஹீமா, உங்க ரிப்போர்ட் எல்லாம் சுத்தமா இருக்குதுங்க. ஆனா தாராபுரம் பக்கமிருந்து மூணு வீட்டுல போன் பண்ணிப்போட்டாங்க."

"எதுக்குங்க சார்?"

"நீங்க அவங்க ஊட்டுத் தண்ணி கூட வாங்கிக் குடிக்கறதில்லையாமா. ரொம்பப் பெருமை புடிச்ச புள்ளையாட்ட இருக்குது, வேற ஆளை அனுப்புங்கன்னு சொல்றாங்க. நம்ம தொழிலே அவங்க வாசல்ல நிக்கறதுதானுங்களே."

மே பதினைந்து வரை பார்ப்பாராம். சரியாகாவிட்டால் தாராபுரம் லைன் சென்னகேசவனுக்கு, எனக்கு அலுவலகத்தில் டேட்டா சரிபார்க்கும் நாற்காலி.

காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். கண்ணாடி அறை. வெளியே ஆறு பேர். ஒரு ஆண் மேலாளரிடம் என் சிறுநீர்ப்பை பற்றி எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? "சரி பண்ணிக்கறேங்க சார்" என்றேன். எதைச் சரி பண்ணுவாளாம் இவள்!

அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். இரண்டு வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தங்கையோடு ஒரே அறை, அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர். ஹெல்மெட்டுக்குள் மட்டும்தான் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் தெரியத் தொடங்கும். அங்கேதான் நான் முழு வாக்கியங்களாக யோசிக்கிறேன். போக எண்பது, வர எண்பது கிலோமீட்டர். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

ஏப்ரல் 23, புதன்

அத்தாவிடம் சொன்னேன், தண்ணீர் விஷயத்தை விட்டுவிட்டு. "நல்லதாப் போச்சு, ஏசியில உட்காருவே" என்றார். நான் கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்று வீடுகளில் ஒவ்வொரு மிடறு குடித்தேன், பார்த்தீர்களா குடித்துவிட்டேன் என்பது போல. யாரும் நம்பவில்லை. சொம்பின் எடை அவர்களுக்குத் தெரியாதா?

ஏப்ரல் 29, செவ்வாய்

படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது தோப்பு, பழனியாத்தாள் அக்கா வீடு. பதினோரு மணிக்கே முப்பத்தொன்பது. வழியில் பனியனை நனைத்துக்கொள்ள நிறுத்தவில்லை, நேரமாகிவிட்டது. பதினான்காம் மரத்தை இரண்டு முறை எண்ணினேன். மூன்றாவது முறையும் பதினான்கு என்றே பதிவு செய்தேன். அப்போதுதான் கவனித்தேன், வியர்வை நின்றிருந்தது. கை காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. குளிர்கிறதே, நல்லதுதான் என்று கூட ஒரு கணம் நினைத்தேன். மடத்தனம்! பிறகு தரை கிட்டத்தில் வந்தது.

கண் விழித்தபோது ஜாக்கெட் இல்லை, பூட்ஸ் இல்லை. பழனியாத்தாள் அக்கா மோட்டார் ஹோஸை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், ஒற்றை ஆளாக என்னைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். வேண்டாமென்று தலையசைத்தேன். அந்த நிலைமையிலும்!

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, நோம்பு போன மாசமே முடிஞ்சுருச்சுன்னு சொன்னாங்க. இன்னும் எங்கூட்டுத் தண்ணில வாய் வெக்க மாட்டீங்கறீங்க. நாங்க அப்படி என்னதான் செஞ்சுபோட்டோம்? எங்க தண்ணி உங்களுக்கு ஆகாதுங்களா?"

அவர் கண் கலங்கியிருந்தது. போன் செய்த மூன்று வீடுகளில் இவருடையதும் ஒன்று என்று அப்போது புரிந்தது. ஈரத்தோடு மண்ணில் கிடக்கும்போது கௌரவம் என்ன வேண்டிக்கிடக்கிறது. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். பங்க் மேனேஜர் சாப்பிடுவது வரை.

"ஒண்ணுக்குப் போறதுக்கா, கண்ணு? இதுக்கா இத்தனையும்?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். "நாங்க என்னென்னமோ நெனச்சுப்போட்டமே, சாமி! உங்க சனத்துக்கு எங்கூட்டுச் சொம்பு ஆகாதாட்ட இருக்குதுன்னு... கேக்கறதுக்கும் ஒரு மாதிரி இருந்துச்சு."

"நான் உங்க பாத்ரூம் கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு நெனச்சேங்க்கா."

"சங்கடமா? போன வருஷந்தான் டைல்ஸ் ஒட்டுனோம். பார்க்க ஒரு சனமும் வரலியேன்னு நானே இருக்கறேன்."

ஒரு வருடமாக இரண்டு பக்கமும் மரியாதையாக வாய் மூடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கூட வந்து பாத்ரூம் வாசல் வரை கொண்டுபோய் விட்டார். நீல நிற டைல்ஸ். கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

வீட்டில். பழனியாத்தாள் அக்கா நேற்றே என் போனிலிருந்து அம்மாவை அழைத்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டிருக்கிறார். நேற்று வேனில் வந்து என்னையும் வண்டியையும் ஏற்றிவந்த அத்தா, சாவியைக் கடைக்கு எடுத்துப் போய்விட்டார்.

அம்மா திட்டவில்லை, அதுதான் ஆச்சரியம். இளநீரை நீட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் கல்யாண வீட்டுக்குக் கிளம்புனா முந்தின ராத்திரியே தண்ணிய நிறுத்திருவேன். பஸ்ல போறதுன்னாலும் அப்படித்தான். பொம்பளைங்க எல்லாரும் அப்படித்தானேன்னு நெனச்சேன். உனக்கு நான் சொல்லிக்கூடத் தரல."

சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முகத்துக்குத் துணி கட்டச் சொன்னவளும் நானும் இத்தனை வருடம் ஒரே காரியத்தைச் செய்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல்!

மே 3, சனி

அத்தாவோடு பெரிய சண்டை. "வண்டியை வித்துப்போடலாம்" என்றார். நான் கத்தினேன். வெயில் என்னை விழ வைக்கவில்லை அத்தா, வாயைத் திறக்காததுதான் விழ வைத்தது என்று கத்தினேன். அவருக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. சீட் கவர் தையல் விட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாவி மேசை மேல் இருந்தது.

மே 6, செவ்வாய்

ஐயோ. ஐயையோ.

முதல் தோப்பில் வண்டியை நிறுத்தவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அதற்குள் அந்த வீட்டம்மா வாசலிலிருந்தே, "வாங்க அம்மணி, பாத்ரூம் கெழக்கால இருக்குதுங்க, போயிட்டு வாங்க!" என்கிறார். சத்தமாக. மாட்டுத் தரகர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டாவது தோப்பில் புதுச் சோப்பு, புது வாளி. மூன்றாவதில் வீட்டுக்காரர், "சாந்தாமணி, அந்த அம்மணி வந்துருச்சு, லைட்டைப் போடு!" நான்காவதில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து தோப்புக்குள் போய்விட்டார்.

பழனியாத்தாள் அக்கா முப்பது வீட்டுக்கும் போன் போட்டிருக்கிறார். என் அந்தரங்கம் அமராவதி ஆற்றங்கரை நெடுக ஓடிக்கொண்டிருக்கிறது. எதையும் யாரிடமும் சொல்லாமல் இருபத்தாறு வருடம் வாழ்ந்தவள் நான்! அழைத்து, "ஏங்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்றேன். "அட, பின்ன எப்படிங்க தெரியும் அவங்களுக்கு?" என்றார்.

இன்று குடித்தது: மூன்றரை லிட்டர். மோர் தனி.

மே 8, வியாழன்

ஈரப் பனியன், வலை ஜாக்கெட், இறக்கிய கண்ணாடி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர், பத்து மணிக்குள் இரண்டு தோப்பு, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நிழல். நாற்பத்தொரு டிகிரி. தலைவலி இல்லை. எல்லாம் ஏற்கெனவே எனக்குத் தெரிந்ததுதான், தண்ணீர் குடிக்க மட்டும் துணியவில்லை. வாய்விட்டுக் கேட்காத மனிதர்களை நினைத்தால் கோபம் வருகிறது, முதல் கோபம் என் மேல்தான்.

மே 15, வியாழன்

கிருபாசங்கர் கூப்பிட்டார். மறுபடி போன் வந்ததாம், இந்த முறை பதினொன்று. "அந்தப் புள்ளையையே அனுப்புங்கன்னு சொல்றாங்க. என்னதாங்க பண்ணீங்க?"

கண்ணாடி அறை. வெளியே அதே ஆறு பேர்.

சொன்னேன். முகம் சூடாகியது, நிறுத்தாமல் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார். சொல்லியிருக்கலாம். நீங்களும் கேட்டிருக்கலாம் சார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு லைன் பட்டியலை எடுத்தார்.

தாராபுரம் எனக்கே. காங்கேயம் பக்கம் புதிதாக எட்டுத் தோப்புகள் சேர்கின்றன, எடுத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார். பழனியாத்தாள் அக்காவின் போன் எட்டாத ஊர். எடுத்துக்கொண்டேன்.

மே 20, செவ்வாய்

காங்கேயம் லைன், முதல் வீடு. அப்புசாமி என்ற பெரியவர் மட்டும்தான் இருந்தார். வீட்டம்மா மகள் ஊருக்குப் போயிருக்கிறாராம். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணாந்து முழுக்கக் குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோதே கேட்டேன்:

"ஏனுங்கய்யா, பாத்ரூம் எங்கீங்க?"

ஒரு நொடி தயங்கினார். பார்த்தேன். அப்புறம், "கொஞ்சம் பொறுங்க அம்மணி" என்று உள்ளே ஓடினார். பாத்ரூமில் அடுக்கி வைத்திருந்த தேங்காய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். பிறகு வேகமாக நடந்து தூரத்து மாட்டுக் கொட்டகைக்குப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எருமையிடம் உரத்த குரலில் பேசத் தொடங்கினார். மழை எப்போது வரும், தீவனம் என்ன விலை, மகள் ஏன் போன் பண்ணவில்லை என்று என்னென்னவோ.

நான் வெளியே வந்து, கை கழுவி, முதல் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"ஆச்சுங்கய்யா" என்று குரல் கொடுத்தேன்.